நிமிர்ந்து வந்த ஊசிகள்

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் பனி, கிளினிக் திறப்பதற்குள் சுள்ளென்று வெயில். கருவிகளைச் சூட்டு ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவின் கதவு ரப்பர் மறுபடியும் ஆவி விடுகிறது. மெக்கானிக்குக்குப் போன் செய்ய வேண்டும். செய்யவில்லை. வாங்க வேண்டியவை: கையுறை, மரப்பு மருந்து, இவருக்குப் பிரஷர் மாத்திரை, இட்லி அரிசி.

காலை: ஒரு பல் பிடுங்கல், இரண்டு கிளீனிங், பல்லுக்குக் கம்பி போட்ட பெண். அம்மாவும் மகளும் வழக்கம்போல் என் முன்னாலேயே சண்டை. கடைசியில் இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை முறைத்துவிட்டுப் போனார்கள்.

மாலை: சிலுவை. திரேஸ்புரத்தில் வீடு. சங்கு குளிக்கிறவர். காற்று வரும் கம்ப்ரசர் குழாயைப் பல்லால் கடித்துக்கொண்டு கடலடியில் நடக்கிற ஆள், பல் ஊசிக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். கீழ்வரிசை இடது கடைவாய்ப்பல், ரூட் கெனால்.

"தண்ணி நல்லாத் தெளிஞ்சு கெடக்கு டாக்டரம்மா. இப்பம் விட்டா பெறவு கெடைக்காது. வெரசா முடிச்சு விடுங்க."

போன வருடம் மேலே வந்ததும் இரண்டு காலும் மரத்துப் போனதாம். வாதம் என்கிறார்கள் குளிகாரர்கள். ரத்தத்தில் காற்று. "ரெண்டு நாளு படுத்துக் கெடந்தேன். பெறவு நிமிந்துட்டேன்லா" என்று சிரித்தார்.

வேர் நல்ல வளைவு. மோட்டாரில் மாட்டும் ரோட்டரி ஃபைல், நோயாளிகளிடம் நாங்கள் சொல்லும் பேர் 'சுத்துற ஊசி', உள்ளே போய்ப் பாதி வேலை முடிந்திருக்கும்.

முறிந்தது.

சத்தமெல்லாம் இல்லை. விரல் நுனியில் இருந்த பாரம் காணாமல் போயிற்று, அவ்வளவுதான். வெளியே எடுத்தால் ஊசி குட்டை. முனை அவர் வேருக்குள்.

எக்ஸ்ரே. வேர் வளைகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. எடுக்கப் பார்த்தேன், அசையவில்லை. இன்னும் நோண்டினால் வேரே ஓட்டையாகும். தற்காலிக அடைப்பு வைத்து மூடினேன். "இன்னைக்கு இது போதும். அடுத்த திங்கள் வாங்க" என்றேன். ரொம்ப சாதாரணமான குரல். யாரோ பேசியது மாதிரி இருந்தது. மரத்த வாயோடு கும்பிட்டுவிட்டுப் போனார்.

முறிந்ததைச் சொல்லவில்லை. அடுத்த திங்கள் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். எடுத்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்றும் நினைத்தேன்.

வீட்டில் இவர் முறுக்கைக் கடித்தார். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தெற்கே அனல்மின் நிலையப் புகை நேராக மேலே போகிறது. காற்றே இல்லை.

காலை முழுக்க நாக்கு என் கடைவாய்ப்பல்லையே தேடிப் போகிறது. என் பல்லில் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன்.

ஜெசிந்தாவிடம் கத்தினேன். என் கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவள், அவளும் திரேஸ்புரம். கருவிகள் கழுவுவது, ஆட்டோகிளேவில் வைப்பது, ஊசிகளைப் பிரித்து அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

"வளைஞ்ச ஊசியை டப்பாவுக்குள்ள எப்படிப் போட்ட?"

"வளைஞ்சது ஒண்ணுகூட கெடையாது டாக்டர். ஒவ்வொண்ணா வெளிச்சத்துல தூக்கிப் பாத்துத்தான் அடுக்குதேன். எல்லாம் நேரா இருந்துச்சி."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள். எனக்குத்தான் ஏதோ உறுத்தியது. எல்லாமா? ஒன்றுகூடவா வளையவில்லை?

எங்கள் கிளினிக் வழக்கம் இது. (எல்லா கிளினிக்கிலும் ஏதோ ஒரு வழக்கம் இருக்கும். ஒரே தடவைதான் பயன்படுத்த வேண்டும் என்று ஊசி அட்டையில் போட்டிருப்பதை நாங்கள் யாரும் வாசிப்பதில்லை.) புது ஊசி முதலில் வளைந்த வேருக்கு. பழசானால் முன்பல்லுக்கு. வளைந்தால், புரி விரிந்தால், குப்பைக்கு. முன்பெல்லாம் வேலை முடிந்ததும் ஜெசிந்தா அங்கேயே பார்த்து வளைந்ததைத் தூக்கிப் போட்டுவிடுவாள். ஒரு நாள் அப்படிப் பிரிக்கும்போது ரத்தம் பட்ட ஊசி அவள் விரலில் ஏறிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை அவளுக்கு. நானே சொன்னேன்: இனிமேல் அழுக்கு ஊசியைத் தொடாதே. முதலில் ஆட்டோகிளேவ். சுத்தமான பிறகு பார்த்துப் பிரி.

மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பழைய ஃபைலை எடுத்து விரலால் வளைத்தேன். கொக்கி மாதிரி ஆனது. ஆட்டோகிளேவில் வைத்தேன்.

வெளியே வந்தபோது நேராக இருந்தது. கடையில் வாங்கி வந்தது மாதிரி.

இது தெரியாத விஷயம் இல்லை. சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் உலோகம், அதற்காகத்தான் வாங்குகிறோம். வகுப்பில் படித்தது, பரீட்சையில் எழுதியது, மதிப்பெண் வாங்கியது. நிமிர்ந்து வரும், ஆனால் உள்ளே இற்றுப் போனது இற்றுப் போனதுதான். அதுவும் படித்ததுதான். இரண்டையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசிக்கத்தான் ஆளில்லை. சூட்டுக்குப் பிறகு பார்த்தால் வளைந்தது எப்படித் தெரியும்? நான் போட்ட விதி. கொஞ்ச காலமாக ஒரு ஊசிகூட வளைவதில்லையே, என் கை எவ்வளவு பக்குவப்பட்டுவிட்டது என்று எனக்குள் பெருமை வேறு.

டப்பாவைத் திறந்து பார்த்தேன். வரிசையாக, பளபளவென்று, ஒன்றுபோல். எது எத்தனை வாய்க்குள் போய் வந்தது, எது நாளைக்கு முறியும், பார்த்துச் சொல்ல முடியாது. மூடி வைத்துவிட்டேன். மூடிய பிறகும் அந்த அலமாரிப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

ஜெசிந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுங்க டாக்டர், டீ குடிக்கியளா?" என்றாள்.

பிப்ரவரி 5, புதன்

இதை எப்படி எழுதுவது?

காலையில் ஒரு இளவட்டம், அவனும் குளிகாரன்தான், பல்லில் ஓட்டை. தற்காலிக மருந்து வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, எல்லா குளிகாரர்களிடமும் சொல்வதைச் சொன்னேன்: "நிரந்தரமா அடைக்கிற வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது, கேட்டியா? உள்ள காத்து இருக்கும். ஆழத்துல பல்லு உயிரை வாங்கிரும்."

சொல்லி வாய் மூடவில்லை. நின்றுவிட்டேன்.

சிலுவையிடம் சொன்னேனா?

சொல்லவில்லை. இந்த ஊரில் வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து ஒருவரிடம்கூடச் சொல்லாமல் விட்டதில்லை. திங்கட்கிழமை என் தலைக்குள் முறிந்த ஊசி மட்டும்தான் இருந்தது. அந்த மனிதர் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் பேச்சே கடலுக்குப் போவது பற்றி.

போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும். அணைத்து. ஜெசிந்தாவை ஆட்டோவில் அனுப்பினேன். சிலுவையின் மனைவி லூர்து வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாளாம். "விடியுமுன்ன போயாச்சே. நேத்தும் போனாவ. பல்லு லேசா வலிக்கின்னாவ, மாத்திரை போட்டுட்டுப் போயிருக்காவ."

மதியம் சாப்பிடவில்லை. நேற்றுப் போய் வந்தவருக்கு இன்று மட்டும் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பெண்ணுக்குப் பல் சுத்தம் செய்யும்போது வாய் கொப்பளித்துத் துப்பும் பீங்கானில் தண்ணீர் சுழன்று இறங்கியது. பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாலு மணிக்கு ஜெசிந்தா போனைக் காதில் வைத்தபடியே உள்ளே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"டாக்டர், சிலுவை அண்ணனப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காவ. காலு ரெண்டும் விளங்கலையாம்."

பிப்ரவரி 6, வியாழன்

வேலை செய்தேன். என்ன செய்தேன் என்று நினைவில்லை.

ஜெசிந்தா தெருவில் கேட்டு வந்தது. பத்துப் பாகம் ஆழமாம், அறுபது அடி இருக்கும். நெடுநேரம் கீழே இருந்தவர் நிற்காமல் ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். அப்படி வந்தால் வாதம் அடிக்கும் என்று அங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக, நின்று நின்று வர வேண்டும்.

படகில் குழாயும் கயிறும் பிடித்திருந்தது ராயப்பன், லூர்துவின் கூடப்பிறந்த தம்பி. அவன் தூங்கிவிட்டான், காற்று நின்று போச்சு என்று ஒரு பேச்சு. அவசரப்பட்டுக் கயிற்றை இழுத்துவிட்டான் என்று இன்னொரு பேச்சு. சிலுவையின் அண்ணன்மார் கரையிலேயே வைத்து அடித்திருக்கிறார்கள். லூர்து தடுக்கப் போகவில்லையாம்.

"'எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கெடையாது'ன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டா டாக்டர். அவன் அழுதுக்கிட்டே ஆலந்தலைக்குப் போயிட்டான், அவுக சித்தி வீட்டுக்கு. 'நான் இழுக்கவே இல்லக்கா'ன்னு சொல்லிக்கிட்டே போனான்."

"சிலுவை என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் பேச மாட்டேங்காவளாம்."

அவள் போன பிறகு திங்கட்கிழமை எக்ஸ்ரேயைக் கணினியில் திறந்தேன். அந்த வெள்ளைக் கீற்று. மூடினேன். சாயங்காலம் வீட்டில் தட்டில் இடியாப்பம் இருந்தது, ஒரு இழை தனியாக விலகிக் கிடந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இவரிடம் சொன்னேன். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் வேலை இவருக்கு. எதற்கும் யார் பொறுப்பு என்று பார்த்துப் பார்த்தே பழக்கம்.

"ஊசி முறியுறது எல்லா டாக்டருக்கும் நடக்கும்னு நீதான சொல்லுவ?"

"முறியும். அதைச் சொல்லணும். கடலுக்குப் போகாதன்னும் சொல்லணும்."

"பல்லாலதான் இப்படி ஆச்சுன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பெறவென்ன? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நீ வாய மூடிக்கிட்டு இரு. நாளைக்கே நாலு பேரு கிளினிக் வாசல்ல வந்து நின்னா என்ன செய்வ?"

நல்ல மனிதர்தான். எனக்காகத்தான் சொல்கிறார். அதனால்தான் எரிச்சல் தாங்கவில்லை. அவர் சொன்னதில் பாதி எனக்கும் பிடித்திருந்தது, அந்த எரிச்சல் தனி.

மெக்கானிக் வந்தான். புது ரப்பர். "இனிமே ஒரு சொட்டு ஆவி வெளிய போகாது மேடம்" என்றான். டப்பாவிலிருந்த ஊசி முழுவதையும் குப்பைக்கு அனுப்பினேன். ஜெசிந்தாவுக்குத் தடித்த கையுறையும் இடுக்கியும் வாங்கிக் கொடுத்தேன். இனி நாற்காலி பக்கத்திலேயே, சூட்டுக்கு முன்னால், என் கண்ணால் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. சிலுவையின் காலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 8, சனி

மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரி. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், கல்யாண வீட்டுக்குப் போவது மாதிரி.

லூர்து மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தாள். சிலுவை மட்டும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். வலது கால் விரல் அசைகிறது, இடது கால் அசையவில்லை. பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களாம். தோள் அப்படியே இருக்கிறது, கடல் வேலை செய்த தோள். இடுப்புக்குக் கீழே மட்டும் போர்வை தட்டையாக, அசைவில்லாமல்.

என்னைப் பார்த்ததும் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். ராயப்பன் இழுக்கல. பல்லுதான். கீழ நிக்கும்போது தலைக்குள்ள வெடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. குழாயைக் கடிக்க முடியல. கண்ணு இருட்டிட்டு. எப்படி மேல வந்தேன்னே தெரியாது."

"ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"சங்கு குளிக்கிறவன் பல்லுவலிக்குப் பயந்து மேல வந்தான்னா தெருவே சிரிக்கும். எங்க அய்யா வாதம் வந்தும் தண்ணிக்குப் போன ஆளு." ஆரஞ்சுப் பையை ஓரமாக நகர்த்தினார். "நீங்களும் வெளிய சொல்லாதிய."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு எவ்வளவு வசதி! நோயாளி ரகசியத்தைக் காப்பது மருத்துவர் கடமை. அவரே கேட்டுக்கொண்டார். படி இறங்கும்போது எனக்கு உடம்பு லேசானது மாதிரி இருந்தது. அந்த லேசைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த மனிதர் தன்னைக் கோழை என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். அங்கே ஒருவன் அடிபட்டு ஊரைவிட்டே போயிருக்கிறான். நான் ஆரஞ்சு கொடுத்துவிட்டு வருகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிளினிக் விடுமுறை. கோயில் மணி. பக்கத்து வீட்டில் கறி வாசனை.

துணி தைக்க உட்கார்ந்தேன். ஊசி துணிக்குள் இறங்கும்போது விரலில் பாரம் குறையுமா என்று காத்துக்கொண்டே இருந்தேன். தையல் ஊசி எதற்கு முறியப் போகிறது? ஆனாலும் காத்திருந்தேன். பாதியில் மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

கண்ணை மூடினால் பச்சைத் தண்ணீர். அவர் கீழே தனியாக நிற்கிறார். வாயில் குழாய். நான் பக்கத்தில் நின்று சொல்கிறேன், இறங்காதீங்க, இறங்காதீங்க என்று. என் வாயிலிருந்து குமிழிதான் வருகிறது. பகல் தூக்கத்தில் வந்தது இது. வியர்த்துப் போய் எழுந்தேன். இவர் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

ஜெசிந்தா பூசை முடிந்து வழியில் எட்டிப் பார்த்தாள். லூர்து கோயிலுக்கு வரவில்லையாம். ராயப்பன் ஆலந்தலையில் சாப்பிடாமல் கிடக்கிறானாம். சித்தி போன் செய்தால் லூர்து எடுப்பதில்லை.

"சின்னதுல அம்மா போயிட்டாவ டாக்டர். இவதான் அவன வளத்தா."

இவரிடம் சொன்னேன், நாளைக்குப் போய்ச் சொல்லப் போகிறேன் என்று. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மேகமூட்டம். கிளினிக் நோட்டில் மாலை நேரத்துக்குச் சிலுவை பெயர்தான் எழுதியிருந்தது. அந்த நேரத்தில் போனேன். எக்ஸ்ரேயைப் பிரதி எடுத்துக்கொண்டேன். முதலில் சிலுவையிடம் தனியாகத்தான் சொல்ல நினைத்திருந்தேன்.

லூர்து ஸ்பூனால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா வந்திருக்காவ பாருங்க" என்று எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

"சிலுவை, உங்க பல்லைப் பத்திப் பேசணும். தனியாப் பேசணும்னாலும் சரி."

அவர் லூர்துவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார்.

"நீங்க என்ட்ட சொன்னத நான் சொல்ல வரல. நான் செஞ்சதச் சொல்ல வந்திருக்கேன். அன்னைக்கு உங்க வேருக்குள்ள என் ஊசி முறிஞ்சு போச்சு. முனை இன்னும் உள்ளதான் கெடக்கு. உங்ககிட்டச் சொல்லாம மூடி அனுப்பிட்டேன்."

அவர் கன்னத்துக்குள் நாக்கு நகர்ந்து பல்லைத் தேடிப் போவது வெளியே தெரிந்தது.

"அது மட்டும்னா பரவாயில்ல. பல்லு பாதியில இருக்கும்போது தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. எல்லார்ட்டயும் சொல்லுவேன். உங்ககிட்டச் சொல்லல. ஊசி முறிஞ்ச பதட்டத்துல மறந்துட்டேன். அப்படி ஒரு பல்லோட கீழ போனா எந்த மனுசனாலயும் தாங்க முடியாது. பயத்துல வாரது இல்ல அது. யாரா இருந்தாலும் மேலதான் வருவாங்க."

லூர்து ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"என்ன சொல்லுதிய? பல்லாலயா?"

நான் சிலுவையைப் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டியவர் கட்டிலில் இருந்தார்.

"ஏங்க. நெசமா?"

சிலுவை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த கட்டில்காரர் இருமும் சத்தம். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "ஆமா. அவன் இழுக்கல" என்றார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"ஏலே ராயப்பா. அக்காதான்... எங்கன இருக்க?... சாப்ட்டியா?... ஏலே, அழாதல. நான்தான் கூப்புடுதேன்லா, வா. இப்பமே பஸ் ஏறு. வாயில ஒண்ணும் படாம வந்தேன்னு சொன்னா கொன்னுருவேன்."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள். "நீங்க போயிருங்க டாக்டரம்மா. இங்கன நிக்காதிய. அவுக அண்ணன்மார் வார நேரம்."

கோபமா, என்னைக் காப்பாற்றினாளா, தெரியவில்லை. சிலுவையிடம், "அந்த முனையை எடுத்துப் பல்லை முடிச்சுத் தாரது என் பொறுப்பு. நீங்க எழுந்து நடந்தாலும் சரி, நான் இங்க வந்து செய்யணும்னாலும் சரி" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்.

"நீங்க எடுக்காண்டாம். வேற யாராவது எடுக்கட்டும்."

சரி என்றேன். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் பெயரை எக்ஸ்ரே உறையின் மேல் எழுதி, ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன்.